தருமபுரியில் உட்கார்ந்தே பிச்சாவரத்தைப் படிக்கலாம்: செயற்கைக்கோள் படங்களில் அலையாத்திக் காட்டின் நீண்டகால மாற்றத்தைக் கணக்கிட ஒரு முழு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கடலும் கிடையாது, கழிமுகமும் கிடையாது. ஆனால் ஒகேனக்கல்லில் விழும் தண்ணீரில் மேட்டூருக்கும் முக்கொம்புக்கும் மிஞ்சியது கொள்ளிடத்தில் இறங்கி, பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. பிலிகுண்டுலுவில் இன்று எத்தனை கனஅடி என்று பேப்பரில் தினமும் பார்க்கும் ஊர்க்காரர்கள் நாம். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் காடு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று இங்கிருந்தபடியே பார்க்க ஒரு லேப்டாப்பும் சுமாரான இணைய இணைப்பும் போதும். படங்கள் எல்லாமே இலவசம்.

படம் கிடைப்பது இந்த வேலையில் கஷ்டமே இல்லை. 1990ஆம் ஆண்டுப் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதில் எவ்வளவு பருவத்தால் வந்தது, எவ்வளவு அலையேற்றத்தால் வந்தது, எவ்வளவு கேமரா மாறியதால் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் காட்டின் மாற்றம். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கழித்தலுக்காகத்தான்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"பிச்சாவரம் எப்படி மாறியிருக்கிறது?" என்று ஆரம்பித்தால் வேலை முடியவே முடியாது. பரப்பா, அடர்த்தியா, இடமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் (படத்தின் ஒரு கட்டம்) என்பது 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். காட்டை 1,100 ஹெக்டேர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் சுமார் 12,000 பிக்சல்தான். உள்ளே ஓடைகள் பின்னிக் கிடப்பதால் அதில் பெரும்பங்கு பாதி மரம், பாதி தண்ணீர் என்று கலந்த ஓரப் பிக்சல்கள். எனவே "3 ஹெக்டேர் குறைந்துவிட்டது" என்ற மாதிரி முடிவுகளை இந்தப் படங்களால் தாங்க முடியாது.

பிச்சாவரத்துக்கென்று ஒரு வரலாறும் உண்டு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் மண் காய்ந்து தாழ்ந்தது. அலையோடு வந்த தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, உப்பேறி, எதுவும் முளைக்காத பள்ளங்களாயின. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே மீன்முள் வடிவத்தில் கால்வாய் வெட்டி, அலைநீர் வந்து போகும்படி செய்து, கன்று நட்டார்கள். அந்தச் சிறு கால்வாய்கள் 30 மீட்டர் பிக்சலில் தெரியாது. அவற்றைச் சுற்றி ஆண்டுக்கு ஆண்டு ஏறிய பச்சை தெரியும். ஆகவே நமக்கு ஏற்ற கேள்வி இதுதான்: 1990 முதல் இன்று வரை எங்கே வெற்றுச் சேற்று நிலம் காடானது, எங்கே காடு வெற்று நிலமானது?

படி 2: கருவிகள்

கூகுள் எர்த் எஞ்சின் இருந்தால் வேலை பாதி குறையும். வணிகமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம், பதிவு மட்டும் செய்ய வேண்டும். கணக்கு அவர்கள் சர்வரில் ஓடுவதால் பழைய லேப்டாப்பே போதும். புரோகிராம் எழுதப் பிடிக்காதவர்கள் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் (யூஎஸ்ஜிஎஸ்) எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் படங்களை இறக்கி, கியூஜிஐஎஸ் மென்பொருளில் வேலை செய்யலாம். அதுவும் இலவசம்தான், ஆனால் ஹார்ட் டிஸ்க் சீக்கிரம் நிரம்பும். சரிபார்க்க கூகுள் எர்த் புரோவில் பழைய படங்களைக் காட்டும் கடிகாரப் பட்டன் வேண்டும். இஸ்ரோவின் புவன் தளத்தையும் ஒரு பார்வை பார்த்து வையுங்கள்.

படி 3: எந்தச் செயற்கைக்கோள், எந்த ஆண்டு

முதல் லேண்ட்சாட் 1972இல் ஏவப்பட்டது. ஆனால் அதன் படங்கள் மிகவும் பருமட்டானவை. 1982இல் ஏவிய லேண்ட்சாட் 4இலிருந்துதான் 30 மீட்டர் படங்கள் ஆரம்பம், 1984இல் லேண்ட்சாட் 5 வந்தது. பிறகு 1999இல் லேண்ட்சாட் 7, 2013இல் 8, 2021இல் 9. ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தின் மேல் வரும். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 படங்கள் 2015 முதல் கிடைக்கின்றன. 10 மீட்டர் பிக்சல், இரண்டு செயற்கைக்கோளும் சேர்ந்து 5 நாளுக்கு ஒருமுறை. நீண்டகாலக் கணக்குக்கு லேண்ட்சாட், சமீப ஆண்டுகளின் நுணுக்கத்துக்கு சென்டினல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள். பிக்சல் அளவு சிறியதானதால் கூடும் காட்டை, நிஜமாகவே கூடிய காடு என்று எண்ணிவிடுவோம்.

ஒரு பொறியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2003 மே 31 அன்று லேண்ட்சாட் 7இல் ஒரு பாகம் பழுதானது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும் ஏறக்குறைய 22 சதவீதம் கோடு கோடாகக் காலி. லேண்ட்சாட் 5 படமெடுப்பதை 2011 நவம்பரில் நிறுத்தியது, 8 வந்தது 2013இல். இடைப்பட்ட 2012க்கு அந்தக் கோடு போட்ட படங்கள்தான் கதி. அந்த ஆண்டை விட்டுவிடுவதே நல்லது. 1980, 90களிலும் நம் பக்கத்துக்குத் தொடர்ச்சியாகப் படம் கிடைக்காது.

அதனால் தனித்தனி ஆண்டாக எடுக்காமல் மூன்று மூன்று ஆண்டாகச் சேருங்கள்: 1989–91, 1999–2001, 2009–11, 2014–16, 2019–21, 2023–25. ஒவ்வொரு கட்டத்திலும் கிடைக்கும் எல்லாப் படங்களையும் அடுக்கி, பிக்சலுக்குப் பிக்சல் இடைநிலை மதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை) எடுத்தால் மேகமும் விபத்தாக வந்த கோளாறும் தானாகவே விலகும்.

படி 4: நம் ஊரில் ஒத்திகை

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். காரணம் எளிது: கணினி சொல்வது சரியா என்று பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதைக் காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் படத்தில் மலை முழுக்கப் பச்சை. மார்ச் படத்தில் அதே மலை சாம்பலும் பழுப்புமாக நிற்கும். ஆற்றோரத்து மர வரிசை மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். இடம் தெரியாதவர் இந்த இரண்டு படத்தையும் வைத்து "மூன்றே மாதத்தில் காடு அழிந்தது" என்று எழுதிவிடுவார். அந்தப் பாதையில் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும், அது இலையுதிர் காடு, கோடை மழை இரண்டு விழுந்தால் துளிர்த்துவிடும். அதே மார்ச் படத்தில் காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கம் பாருங்கள். மாந்தோப்புகள் கரும்பச்சையாக இருக்கும், ஏனென்றால் மாமரம் மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. பச்சைக் குறியீட்டை மட்டும் நம்பினால் தோப்பு காடாகிவிடும், காடு பொட்டலாகிவிடும்.

இப்போது அந்தக் குறியீட்டையே ஒரு பிக்சலில் கையால் போட்டுப் பாருங்கள். என்.டி.வி.ஐ. என்ற பச்சைக் குறியீடு என்பது அண்மை அகச்சிவப்பிலிருந்து (கண்ணுக்குத் தெரியாத, இலை நன்றாகத் திருப்பி அனுப்பும் ஒளி) சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. லேண்ட்சாட் 5, 7இல் சிவப்பு 3ஆம் பேண்ட் (ஒளிப்பட்டை), அண்மை அகச்சிவப்பு 4ஆம் பேண்ட். 8, 9இல் அவையே 4உம் 5உம். இந்த எண் மாறுவதைக் கவனிக்காமல் விட்டால் எல்லாமே தப்பாகும். இன்னொன்று: 'கலெக்‌ஷன் 2, லெவல் 2' படங்களில் இருக்கும் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. அதை 0.0000275ஆல் பெருக்கி 0.2ஐக் கழித்தால்தான் உண்மையான ஒளித்திருப்பம், அதாவது தரை திருப்பி அனுப்பும் ஒளியின் பங்கு, கிடைக்கும்.

ஒரு பிக்சலில் சிவப்பு 9,091, அண்மை அகச்சிவப்பு 20,000 என்று வைத்துக்கொள்வோம். மாற்றினால் 0.05, 0.35. என்.டி.வி.ஐ. 0.30ஐ 0.40ஆல் வகுத்தால் 0.75, நல்ல அடர்ந்த காடு. மாற்றாமல் அந்த எண்களையே போட்டால் 10,909ஐ 29,091ஆல் வகுத்து 0.375 வரும், அதாவது சுமாரான புதர். ஒரே பிக்சல்தான். கழிக்க வேண்டிய 0.2ஐ மறந்ததில் காடு பாதியாகிவிட்டது.

தண்ணீருக்கு கிருஷ்ணகிரி அணையில் பழகுங்கள். பச்சை பேண்டிலிருந்து குறுஅலை அகச்சிவப்பைக் கழித்து, கூட்டுத்தொகையால் வகுத்தால் தண்ணீர் பூஜ்யத்துக்கு மேலே நிற்கும், நிலம் கீழே போகும். ஜனவரிக் கரையையும் மே மாதக் கரையையும் வரைந்து பாருங்கள். ஆகாயத்தாமரை படர்ந்த ஏரியை இந்தக் கணக்கு நிலம் என்றுதான் சொல்லும். அதையும் ஒரு ஏரியில் நேரில் பார்த்து வைத்துக்கொண்டால் பிறகு கடற்கரையில் பாசி பிடித்த குட்டைகளைப் பார்த்துக் குழம்ப மாட்டீர்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலியும் உண்டு. உலகத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் யூ.டி.எம். வரைபட மண்டலங்களில் 43க்கும் 44க்கும் இடையிலான எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை. அது நம் நடுவில் ஓடுகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் எல்லாம் 43இல். தருமபுரி, கிருஷ்ணகிரி, அரூர் 44இல். இரண்டு மண்டலப் படங்களைக் கியூஜிஐஎஸ்ஸில் ஒட்டுவதற்கு முன் ஒரே மண்டலத்துக்கு மாற்றுங்கள். பிச்சாவரம் முழுசாக 44இல் இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

படி 5: பிச்சாவரத்துக்கு எந்த மாதம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மேகம்தான் மிஞ்சும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவு. சம்பா அறுவடையும் முடிந்து வயல் காய ஆரம்பித்திருக்கும். அந்த மூன்று மாதத்தை எல்லாக் கட்டத்துக்கும் மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். மேகத்தை நீக்க ஒவ்வொரு படத்தோடும் வரும் தரப் பட்டையை (எந்தப் பிக்சலில் மேகம் என்று குறிக்கும் பட்டை) பயன்படுத்துங்கள். ஆனால் கடற்கரை மணல் பளிச்சென்று இருப்பதால் சில சமயம் அதையும் மேகம் என்று குறித்துவிடும். மணல்மேடு காணாமல் போனால் முதலில் அங்கே பாருங்கள்.

படி 6: அலையாத்தியை மற்ற பச்சையிலிருந்து பிரிப்பது

பிச்சாவரத்தைச் சுற்றி வெண்கண்டல், சுரபுன்னை மட்டுமா பச்சை? நெல் வயல், சவுக்குத் தோப்பு, தென்னை, சீமைக் கருவேலம், உமரிச் செடி எல்லாமே உண்டு. ஒரே குறியீடு இவற்றைப் பிரிக்காது. மூன்று சல்லடைகள் வேண்டும்.

முதல் சல்லடை உயரம். அலை எட்டாத மேட்டில் அலையாத்தி வளராது. எஸ்.ஆர்.டி.எம். என்ற, விண்வெளியிலிருந்து ராடாரால் அளந்த உயரப் படத்தில் 10 மீட்டருக்கு மேலுள்ளதை ஒதுக்கிவிடலாம். 2 மீட்டர் என்று இறுக்காதீர்கள், அந்த ராடார் தரையை அல்ல, மரத்தின் உச்சிப் பக்கத்தை அளந்தது.

இரண்டாவது, ஆண்டின் மிகக் குறைந்த பச்சை. நம் மலைக்காட்டில் கற்றது இங்கே தலைகீழாக உதவும். அலையாத்தி பசுமைமாறாக் காடு. நெல்லுக்கு அப்படியில்லை, அறுத்ததும் என்.டி.வி.ஐ. தரையைத் தொடும். எனவே இந்த ஒரு கணக்குக்கு மட்டும் ஆண்டு முழுவதும் உள்ள படங்களை அடுக்கி, ஒவ்வொரு பிக்சலுக்கும் 10ஆவது சதமான மதிப்பை (பத்தில் ஒரு பங்கு மதிப்புகள் மட்டுமே இதற்குக் கீழே இருக்கும்) எடுங்கள். அடிமட்டத்திலும் பச்சையாக இருப்பது மரம். ஏறி இறங்குவது வயல். என் அனுபவத்தில் இந்த ஒரு சல்லடைதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சலிக்கும்.

மூன்றாவது ஈரம். சவுக்கும் கருவேலமும்கூட ஆண்டு முழுவதும் பச்சைதான், ஆனால் அவற்றின் அடியில் காய்ந்த மணல். அலையாத்திக்கு அடியில் சேறு. குறுஅலை அகச்சிவப்பை ஈரம் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், லேண்ட்சாட் 8இல் 6, 5, 4 பேண்டுகளைச் சிவப்பு, பச்சை, நீலமாகக் கொடுத்தால் வயலும் தோப்பும் பளிச்சென்ற பச்சையாகவும் அலையாத்தி கறுத்த பச்சையாகவும் தெரியும். கண் பழக ஒரு மணி நேரம் போதும்.

அப்புறம் வகைப்பாடு. அடர்ந்த அலையாத்தி, ஐதான அலையாத்தி, உமரி, சேற்றுநிலம், தண்ணீர், வயல், இறால் குட்டை, சவுக்கும் கருவேலமும், மணல் என்று வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 50 புள்ளிகளுக்குக் குறையாமல் மாதிரி குறியுங்கள். இந்த மாதிரிகளைக் கொண்டு மற்ற பிக்சல்களை வகைப்படுத்தும் 'ரேண்டம் ஃபாரஸ்ட்' முறை கூகுள் எர்த் எஞ்சினிலேயே இருக்கிறது. இறால் குட்டைகள் நேர்க்கோட்டு ஓரங்களால் கண்ணுக்கு உடனே பிடிபடும், கணினிக்கு அவை வெறும் தண்ணீர். அவற்றை மட்டும் கையால் வரைந்துவிடுவது உத்தமம்.

படி 7: அலையையும் கேமராவையும் கழிப்பது

லேண்ட்சாட் எப்போதும் காலை பத்து, பத்தரை மணிக்குத்தான் வரும். அலை அந்த நேரத்துக்குக் கட்டுப்படாது, ஏற்றமும் வற்றமும் சுமார் 12 மணி 25 நிமிடச் சுழற்சி. ஒரு படத்தில் சேறு தெரியும், 16 நாள் கழித்து அதே இடம் தண்ணீராக இருக்கும். அங்கே புதிதாக முளைத்த கன்றுகள் இருந்தால் இரண்டாவது படத்தில் அவை மூழ்கியிருக்கும். இந்தக் கரையில் அலையேற்றம் குஜராத் மாதிரி பெரியதில்லை. ஆனால் தரை தட்டையானது என்பதால் அரை மீட்டர் ஏறினாலே ஓரம் வெகுதூரம் நகரும். பல படங்களின் இடைநிலையை எடுப்பது இதைப் பெரும்பாலும் சரிசெய்யும். ஒற்றைப் படத்தை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், இந்திய நில அளவைத் துறை வெளியிடும் அலை அட்டவணையைப் பார்த்து ஒத்த அலைமட்டத்தில் எடுத்த படங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

கேமரா விஷயம் இன்னும் நைசானது. லேண்ட்சாட் 8இன் பேண்டுகள் குறுகலானவை. அதனால் அதே காட்டுக்கு 7 காட்டுவதைவிட என்.டி.வி.ஐ. சற்று கூடுதலாகக் காட்டும். திருத்தாமல் வரைந்தால் 2013இல் தமிழ்நாட்டுக் காடெல்லாம் ஒரே நாளில் செழித்த மாதிரி ஒரு படிக்கட்டு தெரியும். இரண்டையும் பொருத்தும் குணகங்களை டேவிட் ராய் குழுவினர் 2016இல் வெளியிட்டார்கள். அதைப் பயன்படுத்துங்கள், அல்லது மாறவே மாறாத ஓர் இடத்தில், பெரிய கான்கிரீட் தளமோ பாறையோ, இரண்டு படங்களையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள்.

படி 8: கோட்டின் வடிவத்தைப் படியுங்கள்

இரண்டு வரைபடத்தைக் கழிப்பதோடு நிறுத்தினால் எங்கே மாறியது என்று தெரியும், எப்படி மாறியது என்று தெரியாது. பிக்சல் ஒவ்வொன்றின் ஆண்டு மதிப்புகளையும் கோடாக வரையுங்கள். கூகுள் எர்த் எஞ்சினில் உள்ள லேண்ட்ட்ரெண்டர் என்ற நிரல் இதைத் தானாகவே துண்டு துண்டாகப் பிரித்துத் தரும்.

தெற்கே இன்னொரு அலையாத்திக் காடான முத்துப்பேட்டையில் ஒரு பிக்சலை எடுத்தால், கஜா புயல் கரையேறிய 2018 நவம்பர் 16க்குப் பிறகு கோடு செங்குத்தாக விழுவதைத் தேடலாம். விழுந்த பிறகு ஏறுகிறதா, படுத்தே கிடக்கிறதா என்பதுதான் அங்கே முக்கியம். கால்வாய் வெட்டிக் கன்று நட்ட நிலத்தில் கோடு சில ஆண்டுகள் தரையோடு கிடந்து மெதுவாக ஏறும். இறால் குட்டை வெட்டிய இடத்தில் ஒரே ஆண்டில் விழுந்து அப்படியே நிற்கும். ஒரே ஒரு ஆண்டு மட்டும் பள்ளம் விழுந்து மறு ஆண்டே பழைய உயரத்துக்கு வந்தால் பெரும்பாலும் அது காட்டின் கதையல்ல, மேகத்தின் கதை.

படி 9: பிக்சலை எண்ணிப் பரப்பு சொல்லாதீர்கள்

வரைபடம் 100 ஹெக்டேர் இழப்பு என்கிறது, 1,000 ஹெக்டேர் மாறவில்லை என்கிறது, இது உதாரணக் கணக்கு. இழப்பு என்ற பகுதியில் 50 புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து கூகுள் எர்த் படத்தில் பாருங்கள். 40 சரி என்றால் உண்மை இழப்பு 80 ஹெக்டேர். மாறாத பகுதியில் 100 புள்ளி பார்த்ததில் 3 உண்மையில் இழந்த இடம் என்றால், அதிலிருந்து 30 ஹெக்டேர். ஆக 110. வரைபடத்தில் 20 சதவீதம் தப்பு இருந்தும் மொத்தம் அதிகம் விலகவில்லை, ஏனென்றால் தவறவிட்டது மறுபக்கம் ஈடுகட்டியது. அந்த 3 புள்ளி 6 ஆகியிருந்தால் விடை 140. சரிபார்க்கும் புள்ளிகள் குறைவாக இருந்தால் விடை எவ்வளவு ஆடும் என்று இதிலேயே தெரிகிறது. ஓலோஃப்சன் குழுவினர் 2014இல் எழுதிய நடைமுறைக் கட்டுரை இந்தக் கணக்கையும் பிழை வரம்பையும் விரிவாகத் தருகிறது. பயிற்சிக்குக் குறித்த புள்ளிகளையே சோதனைக்கும் வைக்காதீர்கள்.

பிறகு வெளி ஆதாரங்கள். இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை அறிக்கை வெளியிடுகிறது. 2021 அறிக்கையின்படி நாட்டின் அலையாத்திப் பரப்பு 4,992 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 45. 'குளோபல் மேங்குரோவ் வாட்ச்' ஜப்பானிய ராடார் படங்களை வைத்து 1996 முதல் 2020 வரை தருகிறது. உங்கள் எண் இவற்றோடு அப்படியே ஒத்துப்போகாது, போக வேண்டியதும் இல்லை. ஐதான மரத்தைக் காடு என்று எண்ணுவதா என்பதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி. எண் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை, இடம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

படி 10: காரணம் தேடுவது

இங்கேதான் ஒகேனக்கல் திரும்ப வருகிறது. காவிரியில் வெள்ளம் வந்து கொள்ளிடத்தில் மிகுதி நீர் இறங்கும் ஆண்டில் கழிமுகத்தில் உப்பு குறையும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்ட அளவுக்குத் தண்ணீர் போனது. 2016–17 வறட்சியில் அதற்கு நேர்மாறு. நீர்வரத்தையும் காட்டின் பச்சையையும் ஒரே தாளில் வரைந்தால் சுவாரசியமாகத்தான் இருக்கும், ஆனால் சேர்ந்து ஏறி இறங்குவதாலேயே இது அதற்குக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். உள்ளூர் மழை, 2004 சுனாமி, 2011 டிசம்பரில் கரையேறிய தானே புயல், கால்வாய் தூர்வாரியது, ஆடு மாடு மேய்ச்சல் எல்லாம் அதே கோட்டுக்குள் இருக்கின்றன. பிச்சாவரம் ஓடைகளில் மீன், இறால் பிடிக்கும் இருளர் மக்களிடம் உங்கள் வரைபடத்தை விரித்து "இந்த மூலையில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். லேண்ட்ட்ரெண்டர் காட்டும் ஆண்டுக்கு அவர்களிடம் பெரும்பாலும் ஒரு சம்பவம் இருக்கும். காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். நம் பக்கம் காவிரி வடக்கு, காவிரி தெற்கு சரணாலயங்களில் ஒத்திகை பார்த்தாலும் அப்படியே. அங்கே யானையும் உண்டு, தனியாகப் போகாதீர்கள்.

ஒருமுறை எல்லாம் அமைத்துவிட்டால் ஆண்டுக்கு ஒருநாள் வேலைதான். ஏப்ரல் முடிந்ததும் மே முதல் வாரத்தில் அந்த ஆண்டுப் படங்களைச் சேர்த்து ஓட்டுங்கள். பழைய மாதிரிப் புள்ளிகளில் மாறிப்போன இடங்களை நீக்குங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, செயற்கைக்கோள், மாத வரம்பு மூன்றையும் எழுதி வையுங்கள். 'கடைசி', 'புதுசு', 'கடைசி2' என்று பெயர் வைத்தால் அடுத்த மே மாதம் எது எதுவென்று உங்களுக்கே தெரியாது.